ஆண் கூலி, பெண் கூலி: வில்லியனூர், பாகூர் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் செங்கொடி ஏற்றுகிற எல்லாக் கிளைகளுக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கட்சி வித்தியாசம் பார்க்கவில்லை. கேட்க வந்தது எல்லோரிடமும் கேட்க வேண்டியது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று தியாகிகளை நினைவுகூர்கிறோம். 1936இல் அந்த நாளில்தான் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீசு துப்பாக்கிச் சூடு நடத்தி 12 பேரைக் கொன்றது. வ. சுப்பையா கட்டிய தொழிற்சங்கம் அதோடு சிதறிப் போகவில்லை. மறு ஆண்டே பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது, எட்டு மணி நேர வேலை என்கிற உரிமை வந்தது. இதை மேடைதோறும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

அதே மேடையில் இன்னொரு தேதியையும் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். அதே 1936, ஜூன் 27. புதுச்சேரித் தொழிலாளிகள் சுடப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, அவர்கள் கனவு கண்ட சோவியத் நாட்டில் கருக்கலைப்பைத் தடைசெய்து அரசு ஆணையிட்டது. விவாகரத்துக்கும் கட்டணத்தைக் கூட்டிக் கதவைக் குறுக்கியது. 1920இல் உலகத்திலேயே முதல் நாடாகக் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்ததும் அதே அரசுதான். பெண்ணுக்குக் கொடுத்ததைப் பதினாறு ஆண்டில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். தாய்மார்களுக்கு உதவித்தொகை, குழந்தைகள் காப்பகம் என்று அதே ஆணையில் நல்லவையும் இருந்தன. ஆனால் பெண்ணின் உடம்பைப் பற்றிய முடிவு மறுபடியும் அவள் கையை விட்டுப் போனது. அது அவள் கைக்குத் திரும்ப 1955 ஆயிற்று.

இதைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகச் சிலர் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம்முடைய வரலாறு நமக்கு முழுதாகத் தெரியாவிட்டால் எதிரிக்கு ஆயுதமே தேவையில்லை.

ரஷ்யப் புரட்சி எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1917 மார்ச் 8, பெண்கள் தினம். பெத்ரோகிராதின் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் பகுதி போல்ஷெவிக் தோழர்கள், இப்போது வேலைநிறுத்தம் வேண்டாம், பொறுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்கள் பொறுக்கவில்லை. பக்கத்து ஆலைகளின் வாசலில் போய் ஆண் தொழிலாளிகளையும் கூப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் ஜார் முடி துறந்தான். அந்தச் செய்தி கேட்டு நம் புதுச்சேரியில் இருந்த பாரதி கவி பாடினார். பாட்டு நமக்கு நினைவிருக்கிறது. ஆலையை விட்டு வெளியே வந்த பெண்களும் நினைவில் இருக்க வேண்டும்.

புரட்சிக்குப் பிறகு நடந்ததும் சாதாரணமானதில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாதபடி ஒரு பெண் அமைச்சர் பொறுப்பில் உட்கார்ந்தார்: அலெக்சாந்திரா கொலந்தாய், சமூக நலத் துறை. 1918இல் வந்த குடும்பச் சட்டம் திருமணத்தைக் கோயிலிலிருந்து பிரித்தது, விவாகரத்தை எளிதாக்கியது, தகாத வழியில் பிறந்த குழந்தை என்கிற பேச்சையே சட்டத்திலிருந்து எடுத்தது. 1919இல் கட்சிக்குள் பெண்களுக்கென்று தனித் துறை அமைந்தது. இனெஸ்ஸா ஆர்மண்டும் அவருக்குப் பிறகு கொலந்தாயும் அதை நடத்தினார்கள். பொதுச் சமையற்கூடம், பொதுச் சலவை, குழந்தைகள் காப்பகம். வீட்டு வேலையை ஒருத்தி தலையிலிருந்து இறக்கி ஊர் தலையில் வைக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் காசில்லாத கஜானாவும் அதில் பெரும்பகுதியைக் கெடுத்தன. அது உண்மை. ஆனால் பஞ்சத்தின் மேல் பழி போட முடியாத ஒன்று உண்டு. 1930இல் அந்தப் பெண்கள் துறையையே கலைத்தார்கள். பெண்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது, தனித் துறை எதற்கு என்றார்கள். ஆறே ஆண்டில் 1936 ஆணை வந்தபோது, கட்சிக்குள் நின்று பெண்கள் சார்பாக வாதாட அமைப்பு என்று ஒன்றுமே மிச்சமில்லை.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். சட்டம் பறிபோனது பிறகு. அதற்கு முன்பே சங்கம் பறிபோயிருந்தது.

சீனத்துக்கு வருகிறேன். நம் ஊருக்கு மாஸ்கோவை விட அதுதான் பக்கம், ஏனென்றால் அதுவும் வயலும் நடவும். 1950 மே 1 அன்று மக்கள் சீனம் கொண்டுவந்த திருமணச் சட்டம் கட்டாயக் கல்யாணத்தையும் குழந்தை மணத்தையும் ஒழித்தது. நிலச் சீர்திருத்தத்தில் பெண்ணுக்கும் பங்கு போட்டார்கள். கோடிக்கணக்கான பெண்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் மண் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நிலமெல்லாம் கூட்டுப் பண்ணைக்குப் போனது, 1958இல் மக்கள் கம்யூன்கள் வந்தன. வேலைக்குக் கூலியாகப் புள்ளி போட்டார்கள். ஒரு நாளைக்கு ஆணுக்குப் பத்துப் புள்ளி. பெண்ணுக்கு ஆறு, ஏழு, மிஞ்சினால் எட்டு. ஒரே வயலில் ஒரே வேலை செய்தாலும் பல இடங்களில் இதுதான் கணக்கு. அந்தப் புள்ளிக்கான பணமும் தானியமும் குடும்பத் தலைவன் கையில் போய்ச் சேர்ந்தன.

நம் வயலிலும் இதே கணக்குத்தான். பாகூர் ஏரிக்குக் கீழே நடவு நடக்கும்போது நின்று பாருங்கள். ஆண்கள் நாற்றுப் பறித்து, முடி கட்டி, சேற்றில் வீசிக் கொடுப்பார்கள். பெண்கள் வரிசை பிடித்து நடுவார்கள். நாற்றுப் பறிக்கிறவருக்கு இடையில் நிமிர்ந்து ஒரு பீடி பிடிக்க நேரம் உண்டு. நடுகிறவள் குனிந்தால் குனிந்ததுதான், வரப்பு வரும்வரை நிமிர முடியாது. வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் அவளுக்கும் சேர்த்து நாலு குத்து நட்டுவிட்டு நகர்வாள். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். ராத்திரி அதற்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். கைக்குழந்தை இருந்தால் வரப்போர மரத்தில் தூளி. குழந்தை அழும் சத்தம் கேட்டும் வரிசை முடியாமல் ஏற முடியாத தாயின் முகத்தை நான் என் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறேன். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. இப்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் நடவு வந்துவிட்டது. பேரம் பேசுகிறவர் அனேகமாக ஆண், குனிகிறவர்கள் பெண்கள்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று இந்திய நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1976இல். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நம் இரண்டு கொம்யூனிலும் நடவுக் கூலிக்காக எத்தனை போராட்டம் நடத்தினோம்? நீங்களே மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடியிருக்கிறோம். அதில்கூட ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று நம் துண்டறிக்கையே இரண்டு எண் போட்டதுண்டு. பண்ணையார் போட்ட வித்தியாசத்தை நாமே அச்சடித்துக் கொடுத்தோம்.

அந்த வித்தியாசத்தை உடைத்துக் காட்டியது நூறு நாள் வேலை. இடதுசாரிகளின் ஆதரவோடு நடந்த ஆட்சியில், 2005இல் வந்த சட்டம் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் முழுக் கூலி தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. கொலந்தாய் கேட்டதில் ஒரு துளி அது. ஏரிக்கரையில் குழந்தை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் கூலி பெறத்தக்க வேலை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது. நாம் அந்த விதியை எத்தனை வேலையிடத்தில் வற்புறுத்திக் கேட்டோம்?

சீனத்துக் கதையில் இன்னொன்று உண்டு. திங் லிங் என்ற பெண் எழுத்தாளர், கட்சித் தோழர். 1942இல் கட்சியின் யெனான் தளத்தில் பெண்கள் தினத்தை ஒட்டி ஒரு கட்டுரை எழுதினார். கல்யாணம் செய்யாவிட்டாலும் பேச்சு, செய்து குழந்தை பெற்றாலும் பேச்சு. குழந்தை வளர்க்க வீட்டில் உட்கார்ந்த மனைவியைப் பின்தங்கியவள் என்று சொல்லித் தோழர்களே விவாகரத்து செய்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். தலைமைக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகைப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். போர் நடக்கிறது, இப்போது இதைப் பேசலாமா என்பதுதான் அவர்மேல் வைத்த குற்றம்.

இங்கேயும் அதேதான். தெலங்கானா ஆயுதப் போராட்டம், 1946 முதல் 1951 வரை. மல்லு ஸ்வராஜ்யம் போன்ற பெண்கள் துப்பாக்கி ஏந்தி நிஜாமின் ரஜாக்கர்களை எதிர்த்து நின்றார்கள். சாக்கலி ஐலம்மா தன் விளைச்சலைத் தேஷ்முக்கின் ஆட்கள் தூக்கிப் போகவிடாமல் மறித்தார். போராட்டம் முடிந்ததும் அந்தப் பெண்களில் பலரிடம் வீட்டுக்குப் போங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஹைதராபாதின் பெண்கள் குழு ஒன்று அவர்களைத் தேடிப் போய் வாக்குமூலங்களைத் தொகுத்து நூலாக்கியது. அதைப் படிக்கிறவருக்கு அந்த மூதாட்டிகளின் பெருமையும் தெரியும், ஆறாத வருத்தமும் தெரியும். கீழத்தஞ்சையில் மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவை. கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பண்ணையாட்களின் தெருவுக்குள் போய்ச் சங்கம் கட்டினார். 1953இல் மான் முட்டி இறந்தார். ராஜம் கிருஷ்ணன் அந்த ஊர்களில் அலைந்து விசாரித்து ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதிய பிறகுதான் வெளியூர்க்காரர் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது. கேரளத்தில் 1957 அமைச்சரவையில் நிலச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்த கௌரியம்மா, 1987இல் முதலமைச்சராக வருவார் என்று ஊரே பேசியபோதும் வரவில்லை. 1964இல் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் முதல் பெண் உட்கார்ந்தது 2005இல். அந்த பிருந்தா காரத், தலைமையில் பெண்கள் போதவில்லை என்று 1998இல் மத்தியக் குழுவில் இருக்க மறுத்து எதிர்ப்பைப் பதிவு செய்தவர்.

நம் புதுச்சேரியிலும் சரஸ்வதி சுப்பையா விடுதலைப் போராட்டத்தில் நின்றவர். மேடையில் அவர் பெயர் வந்தால் சுப்பையாவின் துணைவியார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

செங்கொடியால் முடியாது என்று நான் சொல்லவில்லை. முடிந்ததற்குச் சான்று வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்தப் பெண்களின் கையை விடவில்லை. 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மேல்முறையீட்டிலும் 2023இல் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 31 ஆண்டு. கூலிப் பிரச்சினை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் அந்த வழக்கு முதல் வருஷமே செத்திருக்கும்.

பெண் உரிமை பேசினால் வர்க்க ஒற்றுமை உடையும் என்று ஒரு பதில் எப்போதும் வருகிறது. ஏங்கெல்சு 1884லேயே குடும்பத்துக்குள் கணவனை முதலாளியின் இடத்திலும் மனைவியைத் தொழிலாளியின் இடத்திலும் வைத்துக் காட்டினார். அதைப் படித்துவிட்டுத்தானே கட்சிக்கு வந்தோம்? அப்புறம் நம் ஊரில் வர்க்கம் என்பது யார்? வயலில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தலித் பெண்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி கேட்ட குற்றத்துக்கு எரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் பிரச்சினையை எடுத்தால் வர்க்கம் எப்படி உடையும்?

உஸ்பெக்கிஸ்தானில் 1927இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. முக்காட்டைக் கழற்றுங்கள் என்று கட்சி மேலிருந்து இயக்கம் நடத்தியது. கழற்றிய பெண்களை அவர்களின் சொந்த அண்ணன் தம்பிகளே வெட்டினார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு ஊன்றுவதற்கு முன்பே தேதி குறித்து உத்தரவு போட்டதன் விலை அது. ஆகவே மேலிடத்துத் தீர்மானம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் தெருவில் தொடங்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் கூட்ட நேரம். கிளைக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு என்று வைக்கிறோம். அது உலை கொதிக்கிற நேரம். வருகிற பெண்களும் வரவேற்புரை முடிவதற்குள் எழுந்து போகிறார்கள். பொருளாதார நிலைமை பற்றிப் பேசி முடித்து முடிவெடுக்கும்போது ஆண்கள் மட்டும்தான் மிச்சம். ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் இருக்கும் சாராயக்கடையை மாற்ற வேண்டும், பொழுது சாய்ந்தால் பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை என்றார். அதை மாதர் சங்கத்தில் பேசுங்கள் அம்மா என்று பதில் வந்தது. மேட்டுப்பாளையம், திருபுவனைத் தொழிற்பேட்டைகளில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி இருட்டில் நடந்து வருகிற பிள்ளைகள் தொழிலாளிகள் இல்லையா? அது தொழிற்சங்கப் பிரச்சினை இல்லையா?

அடுத்தது நிலமும் மனையும். இலவச மனைப்பட்டா கேட்டு மனு எழுதும்போது மனைவி பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். 2005 முதல் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று நாடு முழுதும் சட்டம் இருக்கிறது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, சீர் வரிசையோடு தங்கை வீடு திரும்புகிறாள். தோழர்களின் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. நிலச் சீர்திருத்தம் கேட்கிற கை தங்கையின் பங்கை வாங்கி வைத்துக்கொண்டால் ஊர் எப்படி நம்பும்? கட்சி உறுப்பினர் யாரும் அப்படிப்பட்ட பத்திரம் வாங்குவதில்லை என்று கிளையிலேயே முடிவெடுக்கலாம். அதற்கு எந்த மத்தியக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டு நடக்காமல் 2006இல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்தார்கள். 2011இல் பதவிக்காலம் முடிந்த பிறகு பத்தாண்டுக்கும் மேலாக மறுபடி தேர்தல் இல்லாமல் போனது. ஊரில் குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பற்றிக் கேள்வி கேட்கப் பெண்களுக்கு இருந்த ஒரே இருக்கையும் போனது. புதுச்சேரி அமைச்சரவையில் நாற்பது ஆண்டுக்குப் பிறகு 2021இல் இடம்பெற்ற ஒரே பெண், சாதி, பாலினப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிவிட்டு 2023இல் வெளியேறினார். அவர் நம் அணி இல்லை. ஆனாலும் ஒரு தலித் பெண் அப்படி எழுதும் நிலை வந்தபோது நாம்தான் முதலில் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தேர்தல் கோரிக்கையைப் பெண்களின் கோரிக்கையாகவே முன்வையுங்கள். எப்போது வந்தாலும், பொது இடங்களிலும் பெண்களை நிறுத்துங்கள். அதற்கு முன்பு, இரண்டு கொம்யூனிலும் வயலில் இறங்குகிற பெண்கள் சிலரைக் கிளைச் செயலாளராக்குங்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். காண்ட்ராக்ட் நடவின் கணக்கைப் பைசா பிசகாமல் மனசில் வைத்திருப்பவர்கள் அவர்கள். மாதர் சங்கத்தைக் கட்சியின் கிளை வேலைக்கு ஆள் சேர்க்கிற இடமாக வைத்திருக்காதீர்கள். உங்களையே எதிர்த்துத் தீர்மானம் போடுகிற அளவுக்கு அதற்குச் சொந்த முடிவு இருக்கட்டும். பெத்ரோகிராத் பெண்கள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வருகிற ஜூலை 30 மேடையில், நம் இரண்டு கொம்யூனிலும் ஆண் கூலி, பெண் கூலி என்ற இரண்டு எண் இனி நம் துண்டறிக்கையில் வராது என்று அறிவியுங்கள். இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள். மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள். கூட்டம் போட்டுப் பேசலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பகலில் போடுங்கள், நாங்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்து பேசுகிறோம்.

தோழமையுடன்,
பாகூர் கொம்யூனைச் சேர்ந்த விவசாயக் கூலிப் பெண் ஒருத்தியின் மகள்